ஐயாயிரம் கிலோ இழுக்குமாம்!

எளாவூரிலிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரிக்கரைச் சேறு. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஜீப் அச்சு வரை இறங்கிவிடும். அங்கே இறால் பண்ணை வைத்திருக்கும் என் அக்கா மகன், ஜீப்பின் வின்ச் போய்விட்டதென்று புதிது வாங்கக் கிளம்பினான். "ஐயாயிரம் கிலோ இழுக்குமாம் மாமா!" என்றான்.

தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா இருக்க முடியுமா?

அந்த எண், டிரம்மில் கயிறு ஒரே அடுக்காக இருக்கும்போது கிடைப்பது. அடுக்கு ஏற ஏற இழுவை குறையும். லோடோடு வண்டி 2 டன் என்றால் 3 டன் வின்ச் போதும். மிச்சப் பணத்தில் ஒரு கப்பி வாங்கலாம். கயிற்றை எதிரே மரத்தில் கட்டிய கப்பி வழியாகத் திருப்பி வண்டியிலேயே மாட்டினால் வேகம் பாதியாகும். இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

பழைய வின்ச் ஏன் போயிற்று? ஒரு தடவைகூட கயிற்றை முழுக்கப் பிரித்து உப்புச் சேற்றை நல்ல தண்ணீரில் கழுவவில்லை. கம்பி இழைகள் துருப்பிடித்து அறுந்து நின்றன. அப்படி ஒரு கயிறு அறுந்து வீசியதில், கூட வேலை பார்த்தவர் ஒரு கண்ணை இழந்ததை நேரில் பார்த்தவன் நான்.

அதனால் சொல்கிறேன்: இழுக்கும்போது டிரம்மில் ஐந்து சுற்றாவது மிச்சம் இருக்கட்டும். கயிற்றின் மேல் கனமான ஈரச் சாக்கைப் போடுங்கள். யாரையும் அருகில் நிற்க விடாதீர்கள்.

புது வின்ச்சும் கழுவாவிட்டால் பழசுதான்.