ஆரணித் தறிக்கு ஆளுரிமை எங்கே?

கமண்டல நாகாற்றங்கரையில் அமைந்த ஆரணியைப் பட்டால் அறியாத தமிழர் இலர். ஆரணி நகரிலும் அதனைச் சூழ்ந்த தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய ஊர்களிலும் குழித்தறியில் அமர்ந்து, கண்ணும் முதுகும் தேய, நம் பெண்டிர்க்கு மணக்கூறை நெய்து தருவோர் நம் உடன்பிறந்தார். அவர்தம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. குறியீடு கிடைத்தது, ஆளுரிமை கிடைத்ததா?

பாவுக்கும் ஊடைக்குமான பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்தினின்று வருகின்றது. சரிகை சூரத்தினின்று வருகின்றது. நூல்விலை ஏறினால் கூலி சுருங்குகின்றது. விசைத்தறிச் சேலை கைத்தறிப் பெயரில் விற்றால் தறியே நின்றுபோகின்றது. இவற்றுள் ஒன்றையேனும் தடுக்கும் அதிகாரம் ஆரணிக்கு உண்டா? சட்ட நூல்களைப் புரட்டிப் பார்ப்போம்.

1948ஆம் ஆண்டின் நடுவண் பட்டு வாரியச் சட்டம், பட்டுத் தொழிலை நடுவணரசு தன் கட்டுப்பாட்டின்கீழ் எடுத்துக்கொள்வதே பொதுநலத்துக்கு உகந்தது என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டது. தொழில் என்பது மாநிலப் பட்டியலின் 24ஆம் இனந்தான். ஆயினும், நடுவணரசு இவ்வாறு அறிவித்த தொழில்கள் அதனின்று விலகி, நடுவண் பட்டியலின் 52ஆம் இனத்துக்குள் போய்விடுகின்றன. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிக்கும் ஏற்பாடு இது!

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் நெசவாளர்க்கு அரணாக வந்தது. 1993இல் உச்ச நயன்மன்றமும் அதனைச் செல்லுமென்றது. ஆனால், எதனைக் கைத்தறிக்கு ஒதுக்குவது என முடிவு செய்யும் அதிகாரம் தில்லிக்கே. முதலில் ஒதுக்கிய 22 வகைகளைப் பின்னர் 11ஆகக் குறைத்ததும் தில்லியே. தறி இருக்கும் ஊரின் நகராட்சிக்கோ நெசவாளர் கூட்டுறவுக்கோ அதில் ஒப்புதல் உரிமையும் இல்லை, மறுப்புரிமையும் இல்லை. கருத்துரைப்பதற்கென இருந்த அனைத்திந்தியக் கைத்தறி வாரியமும் 2020இல் கலைக்கப்பட்டது. வாயிருந்தும் பேச இடமில்லை!

இனி, ஊர்தோறும் ஆட்சி என்று 1992இல் அரசியலமைப்பில் செய்த 73, 74ஆம் திருத்தங்களைப் பார்ப்போம். ஊராட்சிகளுக்குரிய 11ஆம் பட்டியலில் சிறுதொழிலும் குடிசைத்தொழிலும் பெயர்சொல்லி இடம் பெற்றுள்ளன. நகராட்சிகளுக்குரிய 12ஆம் பட்டியலிலோ அவை இல்லை. பொருளியல், குமுகாய வளர்ச்சிக்குத் திட்டமிடல் என்னும் பொதுச்சொல் மட்டுமே உண்டு. சிற்றூரின் தறி தொழிலாம். நகரின் தறி தொழிலன்றாம்! ஒரே பட்டு, ஒரே உழைப்பு. சட்டத்தின் பார்வை மட்டும் இரண்டு.

ஊரையும் நகரையும் இணைக்க வந்ததே 243இசட்டி பிரிவின் மாவட்டத் திட்டக்குழு. அதன் உறுப்பினருள் ஐந்தில் நான்கு பங்கினர், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்களால் தம்முள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர். அவர்தம் பணி யாது? வளர்ச்சித் திட்டத்தின் வரைவை எழுதி மாநில அரசுக்கு அனுப்புதல். வரி விதிக்கவோ, பணம் ஒதுக்கவோ, போலிச் சரக்கைத் தடுக்கவோ அப்பிரிவு அதிகாரம் தரவில்லை. அவ்வரைவுக்குழுவேனும் இடையறாது இயங்கியதா? 2016 இறுதியினின்று 2022 தொடக்கம் வரை நம் நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரே இலர். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியினரின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்ததும், ஆட்சி தனி அலுவலர் கைக்குப் போயிற்று. உறுப்பினரே இல்லாத காலத்தில் திட்டம் யாருடையது?

இங்கே தில்லியை மட்டும் நொந்து பயனில்லை. மாவட்டத் திட்டக்குழுவுக்கு என்னென்ன பணிகளை ஒப்படைக்கலாம் என்பதைச் சட்டமன்றமே சட்டத்தால் முடிவு செய்யலாம் என்று அதே பிரிவு கூறுகின்றது. தில்லியின் இசைவு இதற்கு வேண்டியதில்லை. நம் அண்டையராகிய கேரளத்தார் 1996இல் தம் மாநிலத் திட்டச்செலவில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தனர். அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

1974இல் மாநிலத் தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றிய சட்டமன்றம் இது. 2025இல் அவ்வுரிமைகளை ஆராய உயர்நிலைக் குழு அமைத்ததும் இந்நாடே. தில்லியிடம் நாம் கேட்கும் உரிமையைச் சென்னை ஆரணிக்கு மறுப்பது முறையாகாது. கேட்கும் வாய்க்குக் கொடுக்கும் கையும் வேண்டும்.

ஆகவே நாம் வலியுறுத்துவன இவை: குடிசைத் தொழிலை நகராட்சிப் பணிகளுள் மாநிலச் சட்டத்தால் சேர்த்தல் வேண்டும். மாவட்டத் திட்டக்குழு கலந்துகொள்ள வேண்டிய நிறுவனங்களை ஆளுநர் ஆணையால் குறிக்கலாம் என்று அரசியலமைப்பு கூறுவதால், மாநில அரசின் அறிவுரைப்படி நெசவாளர் கூட்டுறவுகளை அவ்வாணையில் இடம்பெறச் செய்தல் வேண்டும். நூல் இருப்புக்கும் விற்பனைக்கும் உரிய பணத்தைத் திட்டக்குழுவே ஒதுக்கும் உரிமையும் வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் ஒருநாளும் தவறுதல் ஆகாது.

தமிழ்மக்காள்! நூலை இழுப்பவனுக்கே அதன் வலிமை தெரியும். அந்நூலின் விலையையும் விதியையும் பேசும் அவையில் நெசவாளிக்கு இருக்கை வேண்டும். இருக்கையோடு அதிகாரமும் வேண்டும். வரைவு எழுதும் கோலை மட்டும் கொடுத்துவிட்டு, ஆட்சி கொடுத்தோம் என்பது ஏமாற்று. அதனை உணர்வோம், ஊர்தோறும் உணர்த்துவோம்!