சிறிய நிறுவனமும் ஃபுல் பிரேம் காமிராவும்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

"காமிரா ஃபுல் பிரேம்தானே?"

சனி, ஞாயிறுகளில் நான் உதவியாளனாக நிற்கும் ஸ்டூடியோவில், கல்யாண வீட்டார் முன்பணம் தருமுன் கேட்கும் கேள்வி இது. இக்கேள்விக்கு அஞ்சி, சிறிய காமிரா நிறுவனங்களும் பெரும்பணம் போட்டு அந்தக் களத்தில் இறங்கத்தான் வேண்டுமா? சற்றே சிந்திப்போம்.

பழைய 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 × 24 மி.மீ. ஒளியை உணரும் சென்சாரும் அதே அளவில் இருந்தால் அது ஃபுல் பிரேம். பரவலாக வழங்கும் ஏ.பி.எஸ்.-சி சென்சார் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் முன்னது இரண்டேகால் மடங்குக்கும் மேல். ஒளி மிகுதியாகச் சேரும். மங்கலான மண்டபத்திலும் படம் தெளிவாக வரும். இந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் சென்சாரின் விலை ஏறும், லென்சும் பெருக்கும்.

ஜப்பானின் பெண்டாக்ஸ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு ஃபுல் பிரேம் மாதிரி ஒன்றைக் காட்டியது. செலவு கட்டாதென்று 2001-இல் கைவிட்டது. கியோசெரா நிறுவனம் காண்டாக்ஸ் என்ற பெயரில் 2002-இல் விற்பனைக்கே கொண்டுவந்தது. 2005-இல் காமிராத் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. முந்திக்கொள்வது மட்டும் சிறியவரைக் காப்பாற்றாது.

அப்படியானால், வேண்டவே வேண்டாம் என்பதா என் கட்சி? இல்லை. 1975 முதல் பெண்டாக்ஸ் விற்ற கே மவுண்ட் லென்சுகள் 36 × 24 அளவுக்கென்றே செய்யப்பட்டவை. 2003-இல் வந்த அதன் முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆரில் சென்சார் சிறியது. 28 மி.மீ. லென்ஸ் அதில் 42 மி.மீ. லென்சைப் போலக் குறுகிய காட்சியையே தந்தது. லென்ஸ் வாங்கியவர் முழுப் பயன் பெறவில்லை. 2016-இல் வந்த கே-1 என்னும் ஃபுல் பிரேம் காமிரா, நம்பி வாங்கியவர்களுக்குப் பட்ட கடனைத் தீர்த்தது. அந்த முதலீடு நியாயமானது.

ஃபியூஜிபிலிம் நிலை வேறு. 2012-இல் அது தொடங்கிய எக்ஸ் மவுண்ட் லென்சுகள் சிறிய சென்சாருக்கென்றே பிறந்தவை. ஃபுல் பிரேமுக்குப் போனால் அத்தனையையும் புதிதாகச் செய்ய வேண்டும். அது போகவில்லை, 2017-இல் அதைவிடப் பெரிய 43.8 × 32.9 மி.மீ. சென்சாருடன் தனிவழி கண்டது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்ததும், "ஊரே எஞ்சினியரிங் போகிறது, கடன் வாங்கியாவது நீயும் போ" என்றார்கள் உறவினர். அப்பாவின் கையிருப்பைக் கணக்கிட்டேன்; இங்கே சேர்ந்தேன். அது கோழைத்தனமோ என்று சில இரவுகளில் தோன்றியதுண்டு. இக்கதைகளைப் படித்தபின் தோன்றுவதில்லை.

ஆகவே நண்பர்களே, சிறிய நிறுவனம் பெரியவரைப் பார்த்துப் பணம் போட வேண்டாம். தன்னை நம்பிக் காத்திருப்பவர் யார், அவர் கையில் என்ன லென்ஸ் இருக்கிறது என்று பார்க்கட்டும். அவருக்கு ஃபுல் பிரேம் தேவையென்றால், தயங்காமல் இறங்கட்டும்!