டெண்டருக்கு முன் நடக்கும் டெண்டர்

டெண்டர் என்கின்ற வார்த்தையைக் கேட்டவுடன் நம் மக்களுக்கு ஞாபகத்துக்கு வருவதெல்லாம் அரக்கு முத்திரை வைத்த கவரும், அது உடைக்கப்படும் நாளும், யாருடைய தொகை குறைவு என்று கூடி நின்று பார்க்கும் கூட்டமுந்தான். இப்போது பல இடங்களில் கவருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வந்துவிட்டதென்றாலும் ஜனங்களின் எண்ணம் மாறியதாகத் தெரியவில்லை. எல்லோர் முன்னிலையிலும் உடைத்தாய்விட்டது, குறைந்த தொகைக்காரனுக்கு வேலை கொடுத்தாய்விட்டது, ஆகவே எல்லாம் யோக்கியமாய் நடந்துவிட்டது என்று திருப்தியடைந்து வீடு போய்ச் சேருகின்றார்கள். ஆனால், கவர் போடுவதற்கே இன்னின்னாருக்குத்தான் யோக்கியதை உண்டு என்று தீர்மானித்தது யார்? எப்போது? எந்த அளவுகோலைக் கொண்டு? இதைக் கேட்பவர்கள் மிகச் சிலரே.

திருட்டு நடப்பதாயிருந்தால் அது கவர் உடைக்கிற நாளில் நடக்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு வெகு நாளைக்கு முன்னாலேயே, நாலு சுவருக்குள், "இவர்களைக் கூப்பிடலாம், அவர்கள் வேண்டாம்" என்று ஒரு ஜாப்தா தயாராகின்றதே, அங்கேயே காரியத்தை முடித்துவிடலாம். பந்திக்கு யாரை விடுவது என்று வாசலிலேயே ஆள் பொறுக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி இலை போட்டோம் என்று பெருமை பேசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நிற்க, முன்கூட்டிப் பொறுக்குவதே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு பாலம் கட்ட வேண்டுமென்றால், சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாதவன் குறைந்த தொகை போட்டான் என்பதற்காக அவன் கையில் அதைக் கொடுத்துவிட முடியாது. பாதியில் விட்டு ஓடிவிட்டானானால் நஷ்டம் அவனுக்கல்ல, ஊருக்குத்தான். அன்றியும், டெண்டர் போடுவதென்பது சும்மா நடக்கிற காரியமல்ல. பிளான் படிக்க வேண்டும். விலைவாசி கணக்குப் பார்க்க வேண்டும். டிபாசிட் பணம் முடங்கிக் கிடக்க வேண்டும். செய்யத் தக்கவர்கள் ஐந்து பேர் இருக்கிற வேலைக்கு நூறு பேரைக் கூப்பிட்டால், தொண்ணூற்றைந்து பேருக்கு வீண் செலவு, ஆபீசுக்கு வீண் வேலை. ஆதலால் சல்லடை வேண்டியதுதான். அந்தச் சல்லடையின் கண், ஆளைப் பார்ப்பதற்கு முன் போடப்பட்டதா, பார்த்த பின் போடப்பட்டதா என்பதே நமது கேள்வி.

இந்த அக்கிரமமெல்லாம் நம் நாட்டில்தான், வெள்ளைக்காரன் நாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று பேசுகிற மேதாவிகள் நம்மில் இன்னமும் இருக்கின்றார்கள். அவர்களுக்காகவே இரண்டு சங்கதி சொல்லுகின்றோம்.

ஐரோப்பிய யூனியனை விட்டு விலகும்போது துறைமுகங்களில் நெரிசல் ஏற்படும் என்று பயந்த பிரிட்டிஷ் சர்க்கார், 2018 டிசம்பரில் மூன்று கம்பெனிகளுக்குக் கப்பல் போக்குவரத்துக் காண்டிராக்ட் கொடுத்தது. அவசரம் என்று காரணம் சொல்லி, எல்லோரும் அறியப் போட்டி வைக்காமலே கொடுத்தது. அவற்றில் சீபோர்ன் பிரைட் என்ற கம்பெனிக்குக் கொடுத்த காண்டிராக்ட் 1 கோடியே 38 லட்சம் பவுன். அந்தக் கம்பெனியிடம் இருந்த கப்பல் எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை. அதுவரை அது கப்பல் விட்டதும் இல்லை. அதன் இணையதளத்தில் போட்டிருந்த வியாபார நிபந்தனைகளோ, சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் சாமானைச் சரிபார்த்துக்கொள்ளும்படி வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லிற்று! வண்டி இல்லாதவனுக்கு வண்டிச் சத்தம் பேசியதை நம்மூரில் ஒரு பஞ்சாயத்து செய்திருந்தால் எவ்வளவு சிரித்திருப்போம்? 2019 பிப்ரவரியில் அந்தக் காண்டிராக்ட் ரத்தாயிற்று. கம்பெனிக்குப் பணம் ஒன்றும் போகவில்லை என்பது வாஸ்தவம். ஆனால், எங்களைக் கூப்பிடாமலே இரகசியமாய்ப் பொறுக்கிவிட்டீர்கள் என்று கடலடிச் சுரங்க ரயில் கம்பெனி வழக்குப் போட, அதற்கு 3 கோடியே 30 லட்சம் பவுன் கொடுத்து சர்க்கார் சமாதானம் செய்துகொண்டது. கப்பல் இருக்கிறதா என்று உரிய காலத்தில் ஒரு கேள்வி, மற்றவர்களுக்கு ஒரு பகிரங்க அழைப்பு, இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

இரண்டாவது சங்கதி இதைவிட மோசம். 2020-ல் கொரோனா நோய் வந்தபோது முகமூடி, அங்கி முதலிய சாமான்கள் வாங்க அதே சர்க்கார் இரண்டு வழி வைத்தது. மந்திரிகள், பார்லிமெண்டு மெம்பர்கள், பெரிய உத்தியோகஸ்தர்கள் முதலானவர்கள் சிபார்சு செய்து அனுப்பிய வியாபாரிகளுக்கு ஒரு வழி. ஊர் பேர் தெரியாதவர்களுக்கு ஒரு வழி. அந்நாட்டுத் தணிக்கை இலாக்காவே 2020 நவம்பரில் கணக்கை வெளியிட்டது. சிபார்சு வழியில் வந்த 493 பேரில் 47 பேருக்குக் காண்டிராக்ட் கிடைத்தது. அதாவது ஏறக்குறையப் பத்துக்கு ஒருவர். சாதாரண வழியில் வந்த 14,892 பேரில் கிடைத்தது 104 பேருக்கு. அதாவது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2022 ஜனவரியில் ஹைகோர்ட்டு, இந்தத் தனி வழி எல்லோரையும் சமமாய் நடத்தும் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. வழக்குக்குள்ளான கம்பெனிகளுக்கு அந்த வழி இல்லாவிட்டாலும் காண்டிராக்ட் கிடைத்திருக்கக்கூடும் என்றும் கூடவே சொல்லிற்று. இருக்கட்டுமே! பெரிய இடத்துப் பிள்ளை பரீட்சை எழுதாமலே பாசானால், எழுதியிருந்தாலும் பாசாகியிருப்பான் என்பது எழுதிவிட்டு வெளியே நின்றவனுக்கு என்ன ஆறுதல்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே எழுத்தில் குறைவில்லை. தமிழ்நாட்டில் டெண்டர்களில் ஒளிவு மறைவு கூடாதென்று 1998-லேயே தனிச் சட்டமும், 2000-ல் அதற்கு விதிகளும் ஏற்பட்டிருக்கின்றன. மத்திய விஜிலன்ஸ் கமிஷன் 2002-ல் அனுப்பிய குறிப்பில் அளவே சொல்லியிருக்கின்றது. ஒரு கோடி ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று வருஷத்தில் சராசரியாக வருஷம் 30 லட்சத்துக்குக் குறையாமல் வரவு செலவு செய்திருக்க வேண்டும். கடைசி ஏழு வருஷத்துக்குள் அதே மாதிரி வேலை, 40 லட்சம் வீதம் மூன்றோ, 50 லட்சம் வீதம் இரண்டோ, 80 லட்சத்தில் ஒன்றோ முடித்திருக்க வேண்டும். வேண்டியவனை உள்ளே விடுவதற்காகக் கண்ணைப் பெரிதாக்குவதும், வேண்டாதவனைத் தள்ளுவதற்காகச் சிறிதாக்குவதும் நடக்கின்றது என்பதை அந்தக் கமிஷனே ஒப்புக்கொண்டுதான் இதை எழுதிற்று.

எப்படி நடக்கும் என்கிறீர்களா? தையற்காரன் ஆளை நிறுத்தி அளவெடுப்பது போல்தான். இன்ன மாதிரி இயந்திரம் சொந்தமாக இருக்க வேண்டும், இதே ஜில்லாவில் இதே வேலை செய்திருக்க வேண்டும், இத்தனை மைலுக்குள் ஆபீசு இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாய் அடுக்கிக்கொண்டே போனால், கடைசியில் அந்தச் சட்டை ஒரே ஒருவனுக்குத்தான் சேரும். ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனியே பார்த்தால் நியாயம் போலவே தோன்றும். மொத்தமாய்ப் பார்த்தால்தான் ஆளின் முகம் தெரியும்.

முன் அனுபவம் என்ற நிபந்தனையைப் பற்றி நாம் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. பெரிய பாலத்துக்கும் ஆஸ்பத்திரி பிராணவாயுக் குழாய்க்கும் அனுபவம் கேட்பது சரி. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் பத்து வருஷ அனுபவம் எதற்கு? முன்பு கிடைத்தவனுக்குத்தான் இனியும் கிடைக்கும் என்றால், முன்பு கிடைக்காதவன் என்றைக்கு உள்ளே வருவது? "படித்த பரம்பரைக்குத்தான் படிப்பு" என்று நம் தாத்தாக்களை வெளியே நிறுத்தினார்களே, அந்த நியாயந்தான் இப்போது காண்டிராக்டு வேஷம் போட்டு வருகின்றது. இதை உணர்ந்துதான் மத்திய சர்க்கார், தன் இலாக்காக்களும் பொதுத்துறைக் கம்பெனிகளும் வாங்குவதில் ஒரு பங்கைச் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012-ல் உத்தரவு போட்டது. 2018-ல் திருத்தியபடி அது நூற்றுக்கு 25 பங்கு. அதற்குள் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தொழில்களுக்கு 4, பெண்கள் தொழில்களுக்கு 3. சரக்கின் தரம் குறையாதவரை இத்தகைய சிறு தொழில்களிடம் முன் அனுபவத்தை வற்புறுத்த வேண்டியதில்லை என்றும் சொல்லியிருக்கின்றது. திறமை போய்விடும் என்று கூச்சல் போடுபவர்கள் இந்த "தரம் குறையாதவரை" என்ற வார்த்தையைப் படிப்பதே இல்லை.

நிபந்தனையைப் போட்டவர்களே அதை மீறினால் என்ன என்பதற்கு ஒரு நல்ல வழக்கு இருக்கின்றது. பம்பாய் விமான நிலையத்தில் ஓட்டல் நடத்த 1977-ல் டெண்டர் கேட்டார்கள். ஐந்து வருஷ அனுபவமுள்ள, பதிவான இரண்டாம் வகுப்பு ஓட்டல்காரர்தான் போடலாம் என்று விளம்பரம். கொடுத்ததோ, கேண்டீன் மாத்திரம் நடத்தி வந்தவருக்கு. அவர் கொடுக்க முன்வந்த தொகைதான் அதிகம் என்றார்கள். 1979-ல் சுப்ரீம் கோர்ட்டு, நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பில், அது செல்லாத நியாயம் என்றது. விளம்பரத்தை நம்பி, நமக்கு யோக்கியதை இல்லையென்று ஒதுங்கி நின்றவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்குச் செய்த அநீதி இது என்பதே காரணம். டெண்டர் போட்டவனை மாத்திரமல்லாமல், போடாமல் போனவனையும் கணக்கில் எடுத்த தீர்ப்பு அது. இருந்தும், வழக்குப் போட்டவருக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் தாமதித்து வந்தார், அதற்குள் மற்றவர் பணம் போட்டுக் கடை வைத்துவிட்டார் என்று காண்டிராக்டை ரத்து செய்யக் கோர்ட்டு மறுத்துவிட்டது.

ஆதலால் தோழர்களே, கவர் உடைத்த பிறகு கத்துவதில் பிரயோஜனமில்லை. விளம்பரம் வந்த அன்றே அதில் தொகையை விட்டுவிட்டு நிபந்தனையைப் படியுங்கள். வேலையின் அளவுக்கும் நிபந்தனைக்கும் பொருத்தமில்லையென்றால் அப்போதே எழுதிப் போடுங்கள். பிறகு, யார் யார் தள்ளப்பட்டார்கள், எந்தக் காரணத்துக்காக என்று 2005-ஆம் வருஷத் தகவல் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். முப்பது நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கிராமத்துத் தோழர்கள் அடுத்த கிராம சபைக்குப் போகும்போது, ரோடு எத்தனை லட்சம் என்று கேட்பதோடு நிற்காமல், கூப்பிடப்படாதவர்கள் யார் என்றும் கேட்டு, அந்தப் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்படி செய்யட்டும்.