கையில் தயிர் இருக்க குப்பிக்கு அலைவதேன்?

மும்பைக்குப் பிழைக்க வரும் தமிழருக்கு முதலில் மாறுவது சாப்பாடு. ஊரில் காலையில் பழைய சோறு, மதியம் மோர். இங்கே காலையில் டீயும் வடா பாவும், இரவில் நேரங்கெட்ட நேரத்தில் மெஸ் சாப்பாடு. கொஞ்ச நாளில் வயிறு கெடுகிறது. தினக்கூலிக்காரர் வயிற்றுப்போக்கில் இரண்டு நாள் படுத்தால் இரண்டு நாள் கூலி போயிற்று.

உடனே மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். பிறகு வயிறு மந்தம் என்று புரோபயாட்டிக் குப்பியும் கேப்சூலும் வாங்குகிறார்கள். முதல் செலவு தவறு. இரண்டாவது செலவு பெரும்பாலும் வீண்.

மனிதக் குடலில் கோடானு கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை நார்ச்சத்தைச் செரிக்க உதவுகின்றன; கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுப்பதில்லை. ஆன்டிபயாட்டிக் மருந்து கெட்டதோடு நல்லதையும் அழிக்கிறது. வயிற்றுப்போக்கு பல நேரங்களில் வைரசால் வருவது. வைரசிடம் இந்த மாத்திரை பலிக்காது.

போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிரே புரோபயாட்டிக் என்று 2001-ல் உலக சுகாதார நிறுவன நிபுணர்கள் வரையறுத்தனர். ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்கைச் சில வகைகள் குறைக்கின்றன. அதை டாக்டர் சொல்லட்டும். எல்லா வயிற்றுக் கோளாறுக்கும் குப்பியே மருந்து என்பதற்கு ஆதாரம் இல்லை. சில குப்பிகளில் சர்க்கரையும் அதிகம்.

தயிரில் உள்ள நுண்ணுயிர்களை யாரும் எண்ணிச் சீட்டு ஒட்டுவதில்லை. ஆனாலும் அவை உயிருள்ளவை. கூடவே புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கின்றன. ஒரே அறையில் இருக்கும் நாலு பேர் அரை லிட்டர் பால் வாங்கிக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் ஒரு கரண்டி தயிர் விட்டு உறை ஊற்றினால் காலையில் தயிர் தயார். மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்தால் நுண்ணுயிர் செத்துப் போகும். இட்லியும் அப்படித்தான். இரண்டும் நல்ல உணவே; ஆனால் தயிரின் வேலையைச் செய்யாது.

பழைய சோற்றிலும் கவனம் தேவை. சோற்றைச் சூட்டோடு மூடி வைத்து மறந்து விடக் கூடாது. சமைத்தும் சாகாத கிருமி வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சீக்கிரம் ஆற வைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்ற வேண்டும். வாடை மாறினால் கொட்டிவிட வேண்டும்.

நல்ல நுண்ணுயிர்களுக்குத் தீனி நார்ச்சத்து. வெந்தயக் கீரையும் முளைவிட்ட மட்கிப் பயறும் மும்பைச் சந்தையில் கிடைக்காத பொருள்கள் அல்ல.

மெஸ் நடத்துகிறவர்கள் அப்பளம் ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை, காய்ச்சிய தண்ணீரில் கரைத்த மோர் ஒரு டம்ளர் கொடுக்க வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழா மேடையில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம்.

வயிற்றுப்போக்கு கண்டால் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல் குடிக்க வேண்டும். மலத்தில் ரத்தமோ, கடும் காய்ச்சலோ, சிறுநீர் குறைவோ இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே தயிர் உதவாது.

உழைக்க வந்த ஊரில் வயிறு ஒழுங்காக இருந்தால்தான் ஊருக்குப் பணம் போகும்.