எழுதிய பாடம் எவர் கையில்?

எனக்கு அக்காள் முறையாகும் ஆசிரியை ஒருவர், மட்டாஞ்சேரியிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிக் கும்பளங்கிக்குச் சென்று பணிபுரிகிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் பொக்காளி வயலைப் பற்றிக் கணிப்பொறியில் ஒரு பாடம் அமைத்தார். மழையில் உப்புக் குறைந்ததும் நெல். அறுவடை முடிந்து உப்பு ஏறியதும் அதே வயலில் இறால். மாணவன் மாதத்தின் பெயரைத் தொட்டால் நீரின் நிறம் மாறும், நாற்று தலைதூக்கும், இறால் துள்ளும். பல இரவுகள் கண்விழித்துச் செய்த வேலை! 2021 இல் ஒருநாள் வகுப்பில் அதைத் திறந்தார். வெற்றுக் கட்டம் ஒன்றுதான் தெரிந்தது. "தம்பி, நான் என்ன பிழை செய்தேன்?" என்று என்னைக் கேட்டார்.

அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. அப்பாடம் அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் நுட்பத்தில் அமைந்தது. 2020 டிசம்பர் 31 ஆம் நாளோடு அந்நிறுவனம் அதற்குத் தந்த ஆதரவை நிறுத்திற்று. 2021 ஜனவரி 12 முதல் அது ஓடாதபடியே தடுத்தும் விட்டது. பாதுகாப்புக் குறைகள் மலிந்த நுட்பமாதலால் நிறுத்தியதைக் குறைகூற மாட்டேன். 2017 இலேயே முன்னறிவிப்பும் தந்தார்கள். ஆயினும் அந்த அறிவிப்பு கும்பளங்கி ஆசிரியையின் செவிக்கு எவ்வாறு எட்டும்?

மின்வழிப் பாடம் அமைக்கும் கருவிகளை ஒப்பிடும் நம் தோழர்கள், "எதில் படம் அழகாக ஆடும்?" என்றே தொடங்குகிறார்கள். "பத்தாண்டு கழித்து எது திறக்கும்? திறந்தபின் ஆசிரியரே அதைத் திருத்த முடியுமா?" என்றல்லவா தொடங்க வேண்டும்! இன்று பொக்காளி வயல்கள் பலவற்றில் நெல் குறைந்து இறாலே மிகுந்து வருகிறது. வயல் மாறினால் பாடமும் மாற வேண்டாமா?

அழகுக்குப் பேர்போனது ஆர்ட்டிகுலேட் நிறுவனத்தின் ஸ்டோரிலைன். பவர்பாயிண்ட் பழகிய கைக்கு எளிதில் படியும். மாணவனின் விடைக்கேற்பப் பாதை பிரித்துச் செல்வதில் அதற்கு ஈடு சொல்வது அரிது, இதை மறைப்பானேன்? ஆனால் ஆண்டொன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம். அதைவிடப் பெரிய தடை, பாடம் அமைக்க விண்டோஸ் கணிப்பொறி வேண்டும் என்பது. கேரளத்து அரசுப் பள்ளிகளிலோ 'கைட்' நிறுவனம் தரும் லினக்ஸ்தான் ஓடுகிறது. 2018 இல் தொடங்கிய உயர்நுட்பப் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்குக் கணிப்பொறி வந்தது. அவற்றில் ஒன்றிலும் அமர்ந்து ஸ்டோரிலைனில் பாடம் அமைக்க இயலாது. வாசலில் நுழையாத கட்டிலை எவ்வளவு புகழ்ந்து என்ன பயன்?

இனி, இலவசமாய்க் கிடைப்பவை. நியூசிலாந்தில் பிறந்து, இன்று ஸ்பெயின் நாட்டாரால் பேணப்படுவது இ.எக்ஸ்.இ. லேர்னிங். லினக்ஸில் ஓடும், இணையம் இன்றியும் பாடம் அமைக்கலாம். முடிவில் கிடைப்பது சாதாரண வலைப்பக்கங்களே. முகம் சற்றுக் களையற்றதுதான். 2013 இல் நார்வேயிலிருந்து வந்த எச்5பி இன்னும் துடியானது. ஓடும் படத்தின் நடுவே கேள்வி கேட்கும். வயலின் புகைப்படத்தில் தொட்ட இடத்தில் விளக்கம் தரும். அதன் கோப்பு ஒரு சுருக்கிய பொதியே. பிரித்தால் எழுத்தும் படமும் உள்ளே கிடக்கும். எவரும் பூட்டிவைக்க முடியாது. எனது வாக்கு இவ்விரண்டுக்கே.

ஒரு குறை சொல்ல வேண்டும். எச்5பியின் ஆயத்த அச்சுகள் சோம்பலுக்கு இடமளிக்கின்றன. நான்கு விடையில் ஒன்றைத் தொடச் சொல்லிவிட்டு, அதையே பாடம் என்று பெயரிடுகிறோம். தொடுவது கற்பதாகுமா?

எழுத்துச் சிக்கலை எவரும் பேசுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 'கொ' என்னும் எழுத்தின் கொம்பையும் காலையும் கணிப்பொறியில் ஒரே குறியாகவும் பதியலாம், இரு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கருவி அவற்றைச் சமமாகக் கொள்ளாவிட்டால், 'கொக்கு' என்று சரியாக எழுதிய பிள்ளைக்கும் 'தவறு' என்று விழும். மலையாளத்தார்க்கும் இத்தொல்லை உண்டு. அவர்களுடைய சில்லெழுத்துகளுக்கு 2008 இல் தனிக் குறிகள் வந்தன. பழைய முறையில் அடித்த சொல் வேறு, புதிய முறையில் அடித்த சொல் வேறு என்றாயிற்று. கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சியைப் பிள்ளைகள் முன் வைக்குமுன், பத்துச் சொற்களை இரு முறையிலும் அடித்துப் பார்த்துவிட வேண்டும். மேலைநாட்டார் எழுதும் ஒப்பீட்டுப் பட்டியல்களில் இந்தச் சோதனையை நான் கண்டதே இல்லை.

நம் மன்றத்தில் கணிப்பொறி பயில்வோர் பலர் இருக்கிறோம். வரும் கோடை விடுமுறையில் நால்வர் ஐவர் கும்பளங்கிக்குச் சென்று, ஆசிரியர்களோடு அமர்ந்து பழைய பாடங்களை மீட்டுத் தரலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்காளின் பாடத்தை இ.எக்ஸ்.இ.யில் திரும்ப எழுதத் தொடங்கிவிட்டோம். படங்கள் தனிக் கோப்பாக இருந்ததால் தப்பின. எழுத்து முழுதையும் மீண்டும் அடிக்க வேண்டியிருக்கிறது. மழை மாதங்கள் முடிந்து, நெல் அறுவடையாகிவிட்டது. இறால்தான் இன்னும் வரவில்லை.