அறுந்த நூல் யார் கணக்கில்?

துணியில் தையல் பிசகினால் பிரித்துவிட்டு அதே இடத்தில் மறுபடி ஓட்டலாம். தோல் அதற்கு இடம் கொடுக்காது. ஊசி இறங்கிய துளை கடைசிவரை துளைதான். பாதியில் நூல் அறுந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்போது ஊசி மயிரிழை விலகினாலும் இரண்டு துளைகள் பக்கத்தில் பக்கத்தில் பல்லைக் காட்டும். ஏற்றுமதிக்குப் போகிற பை என்றால் தரம் பார்ப்பவர் அதை ஒதுக்கிவிடுவார். அறுந்த நூலின் விலை சில காசுகள். வீணாகும் தோலின் விலை பல நூறு ரூபாய்.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இது அன்றாடச் சங்கதி. ஆவடியில் ராணுவத்துக்கு உடை தைக்கும் தொழிற்சாலை 1961 முதல் இயங்குகிறது. 2021 அக்டோபரிலிருந்து அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் பகுதி. பூந்தமல்லியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1998-ல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து, இருக்கை உறை தைப்பதும் அந்தச் சாலையின் பிழைப்புகளில் ஒன்றாகிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றிய சந்துகளில் பை, பெல்ட், பைக் சீட் தைக்கும் சிறு பட்டறைகள். அவற்றுக்குத் தோலும் சாமான்களும் வாங்க இருக்கவே இருக்கிறது பெரியமேடு. தடித்த பொருளைத் தைக்க ஏற்றது ‘வாக்கிங் ஃபுட்’ மெஷின். கீழே பல், நடுவே ஊசி, மேலே பாதம் என மூன்றும் சேர்ந்தே தோலை நகர்த்தும்.

இப்படிப்பட்ட மெஷினில் நூல் அறுந்ததும் மேஸ்திரியின் பார்வை முதலில் போவது தைக்கிற பெண்ணின் கையை நோக்கி. ‘இழுத்துப் பிடிக்கிறாய்’, ‘கவனம் இல்லை’ என்று பேச்சு விழும். பீஸ் கணக்கில் கூலி என்றால், மெஷின் நின்ற நேரமும் கெட்டுப்போன உருப்படியும் அவருடைய கணக்கில் ஏறும். இது தவறு. அறத்தின்படியும் தவறு, இயந்திரவியலின்படியும் தவறு. நூல் தற்செயலாக அறுவதில்லை. பெரும்பாலும் காரணத்தை அறுந்த முனையிலேயே காணலாம்.

அந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கத்தியால் வெட்டியதுபோல நறுக்கென்று இருந்தால், நூல் போகும் வழியில் ஏதோ ஒரு விளிம்பு கூராகிவிட்டது: அடியில் மேல் நூலைக் கவ்விப் பிடிக்கும் ஹூக்கின் முனையாக இருக்கலாம், ஊசித் தட்டின் துளையாக இருக்கலாம். பஞ்சுபோலப் பிரிந்து நின்றால், ஊசியின் காது நூலுக்குச் சிறியது அல்லது காதில் பிசிறு. முனை உருகி மணிபோலத் திரண்டிருந்தால் சூடு. இழுபட்டு மெலிந்து சுருண்டிருந்தால் மட்டுமே டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், கூடுதல். ஆனால் எல்லாப் பட்டறைகளிலும் முதலில் திருகுவது டென்ஷனைத்தான். அது தற்காலிகமாக அறுப்பதை நிறுத்தலாம். பதிலுக்குத் தையல் தளர்ந்து, மேல் நூல் தோலின் அடியில் வந்து முடிச்சு முடிச்சாகத் தொங்கும்.

நூலுக்கும் ஊசிக்கும் உள்ள பொருத்தத்தில்தான் பாதி வழக்கு தீரும். பாண்டட் நைலான் நூலின் டிக்கெட் எண் குறையக் குறைய நூல் தடிக்கும். 40-ஆம் எண் நூலுக்கு 18-ஆம் நம்பர் ஊசி போதும். 20-ஆம் எண்ணுக்கு 22 அல்லது 23 வேண்டும். 23 என்றால் ஊசித் தண்டின் விட்டம் 1.6 மில்லிமீட்டர், அதனால்தான் அதே ஊசியில் 160 என்றும் பொறித்திருப்பார்கள். ஆர்டர் மாறும்போது நூல் மாறும், ஊசி மாறாது. ஒவ்வொரு அங்குல நூலும் தையலில் அமர்வதற்கு முன் அந்தச் சின்னக் காதின் வழியாகப் பல முறை மேலும் கீழும் உரசிப் போகிறது என்பதை நினைத்தால், இடம் போதாத காது என்ன செய்யும் என்று விளங்கும்.

ஊசியின் முனையும் முக்கியம். தோலுக்கு வெட்டுமுனை ஊசி, நாடாவுக்கும் துணிக்கும் உருண்டைமுனை. உருண்டைமுனையைத் தோலில் இறக்கினால் அது வெட்டாமல் முட்டித் தள்ளும், சூடேறும். வேகமாக ஓடும் ஊசியின் வெப்பம் 200 டிகிரியைத் தாண்டக்கூடும். நைலான் 66 உருகுவது 260-ஐ ஒட்டி, அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். பழைய கிளட்ச் மோட்டார் நிமிடத்துக்கு 1,400 சுற்றுகளுக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும்; பெடலைப் பாதி அமுக்கி வேகத்தைக் குறைப்பது முழுக்கக் காலின் பழக்கம். சர்வோ மோட்டாரில் வேகத்துக்கு வரம்பு வைத்துவிடலாம். புதிதாக வந்தவருக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய உதவி.

முறுக்கு என்று ஒன்று உண்டு, பலர் கேட்டே இருக்க மாட்டார்கள். இந்த வகை மெஷின்களுக்குப் பெரும்பாலும் இடமுறுக்கு நூல் வேண்டும். ‘இசட்’ முறுக்கு என்பார்கள். நூலை வலக்கைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தன் பக்கமாக உருட்டினால் அது இறுக வேண்டும். பிரிந்தால் அது வலமுறுக்கு; மெஷின் ஓட ஓட இழை இழையாகக் கழன்று அறும். மலிவாகக் கிடைத்தது என்று லேபிள் இல்லாத கோனை வாங்கி வருகிறவர் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்துவிடலாம்.

அடுத்தது துரு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் எஸ்டேட் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. சிறு தொழிற்கூடங்களின் மெஷின்கள் மூழ்கின. மூழ்கிய தையல் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்த்ததும் ஓடும். ஆனால் நூல் வழிகாட்டியிலும் ஹூக்கிலும் கண்ணுக்குத் தெரியாத துருக்குழிகள் தங்கிவிடும். ஊசிக்கும் ஹூக் முனைக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 0.1 மில்லிமீட்டர்தான், அங்கே ஒரு பொட்டுத் துருவும் நூலைத் தின்னும். மிக நுண்ணிய உப்புத்தாளால் மெருகேற்றினால் சரியாகும். அதைச் செய்யத் தெரிந்த கை வேண்டும்.

நூல் ஒரு பொறியியல் விஷயம் என்று இந்தத் தொழிலுக்குத் தெரியாமல் இல்லை. இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை வைத்த கார்களில், ஒரு தையல் மட்டும் விபத்து நேரும் நொடியில் கிழிந்து பைக்கு வழிவிட வேண்டும். அந்தத் தையலுக்கு நூல், தையலின் நீளம், டென்ஷன் எல்லாம் வரையறுத்திருப்பார்கள். கண்காணித்துப் பதிவும் செய்வார்கள். அங்கே நூல் தவறாக நடந்தால் யாரும் தைத்தவரின் கையைப் பார்த்து ஏசுவதில்லை, பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். அதே கண்ணால் ஒரு சாதாரணத் தோல் பையையும் பார்க்க முடியும்.

‘ஆறு மெஷின் வைத்திருக்கிறவன் தனியாக மெக்கானிக் வைக்க முடியுமா?’ என்று பட்டறைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. வங்கிக் கடனையும் ஆர்டர் தேதியையும் தலையில் சுமப்பவர் அவர். ஆனால் நாற்பது பட்டறைகள் சேர்ந்தால் இரண்டு மெக்கானிக்குகளை வைக்கலாம். அம்பத்தூர் எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கமான ‘ஐமா’ போன்ற அமைப்புகள் இதை எடுத்துச் செய்யலாம்.

மெக்கானிக்கை உருவாக்க வேண்டியது அரசு. தமிழ்நாட்டின் 2022 காலணி, தோல் பொருள் கொள்கை 20,000 கோடி ரூபாய் முதலீட்டையும் 2 லட்சம் வேலைகளையும் இலக்காக வைத்தது. 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் திட்டமும் வந்தது. ரோபோ வரை போயிருக்கிறார்கள், வரவேற்க வேண்டியதுதான். அந்த 2 லட்சம் வேலைகளில் ஏராளமானவை தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து செய்பவை. அம்பத்தூர் ஐடிஐயில் நாலைந்து கனரகத் தையல் மெஷின்களும், ஹூக் டைமிங் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்றுநரும், ஆறு மாதச் சான்றிதழும் இருந்தால் இந்த வட்டாரத்துக்கே போதும். பாடத்திட்டத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். காலணி வடிவமைப்பு நிறுவனமான எஃப்டிடிஐயின் சென்னை வளாகம் இருங்காட்டுக்கோட்டையிலேயே இருக்கிறது. மெஷினில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அந்தப் படிப்பில் முதல் இடம் கொடுக்க வேண்டும். மெஷினின் சத்தம் மாறும்போதே கோளாறை உணர்கிறவர்கள் அவர்கள். திருப்புளியை இதுவரை அவர்கள் கையில் கொடுக்காதது யாருடைய குற்றம்?

சான்றிதழ் வரும்வரை கூலி காத்திருக்க வேண்டியதில்லை. நூல் அறுந்து மெஷின் நின்ற நேரத்தை மணிக்கூலியாகக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்ற ஒரு வரியைப் பீஸ் ரேட் ஒப்பந்தத்தில் இன்றைக்கே சேர்க்கலாம். பெரிய நிறுவனங்கள் தங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் பட்டறைகளிடம் தரச் சான்று கேட்கும்போது இந்த வரியையும் சேர்த்துக் கேட்கட்டும். நின்ற நேரத்துக்குக் காசு போகத் தொடங்கினால், ஷிஃப்டுக்கு ஒரு புது ஊசி என்ற செலவைப் பட்டறைக்காரர் கணக்குப் பார்க்காமல் செய்வார்.