பிரேமதாஸவில் வென்ற பந்துவீச்சு ஜோஹன்னஸ்பேர்க்கில் வெல்லுமா?

2024 ஆகஸ்ட் மாதத்தில் கொழும்பு ஆர். பிரேமதாஸ மைதானத்தில் இந்திய அணியை ஒருநாள் தொடரில் 2-0 என்ற கணக்கில் இலங்கை வென்றபோது நாடே மகிழ்ந்தது. மகிழ்வதற்குக் காரணம் இருந்தது. 1997 இற்குப் பின்னர், அதாவது இருபத்தேழு ஆண்டுகளின் பின்னர், இந்தியாவுக்கு எதிராக நாம் பெற்ற முதலாவது ஒருநாள் தொடர் வெற்றி அது. இரண்டாவது போட்டியில் ஜெப்ரி வண்டர்சே 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மூன்றாவது போட்டியில் துனித் வெல்லாலகே 27 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சுழற்பந்து வீச்சின் திருவிழா என்றே அந்த வாரத்தைக் கூற வேண்டும்.

ஆனால் அந்தத் தொடர் தொடங்குவதற்கு முன்னர் நடந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? துஷ்மந்த சமீர, நுவான் துஷார, மதீஷ பத்திரண, டில்ஷான் மதுஷங்க ஆகிய நான்கு வேகப்பந்து வீச்சாளர்களும் நோயாலும் காயங்களாலும் ஒருவர் பின் ஒருவராக விலகியிருந்தனர். வேகப்பந்து வீச்சின் முதல் வரிசை முழுவதும் சரிந்து கிடந்த வேளையிலும் நாம் வென்றோம். வென்றதனால் அந்தச் சரிவைப் பற்றி எவரும் பேசவில்லை. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த ஒருநாள் உலகக் கிண்ணப் போட்டிகள் 2027 ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் தென்னாபிரிக்கா, சிம்பாப்வே, நமீபியா ஆகிய நாடுகளில் நடைபெறுமென அறிவிக்கப்பட்டுள்ளது. மொத்தம் 54 போட்டிகளில் 44 தென்னாபிரிக்க மண்ணுக்கு ஒதுக்கப்பட்டன. அங்கே பிரேமதாஸ மைதானத்தைப் போன்ற வறண்ட, மெதுவான ஆடுகளங்களை எதிர்பார்க்க முடியாது. பந்து உயர்ந்து எழும், வேகமாக வரும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஜோஹன்னஸ்பேர்க்கில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், அடிபட்ட பந்து கொழும்பில் பறப்பதைவிட அதிக தூரம் பறக்கும். ஒக்டோபர் மாதம் அந்நாட்டில் பருவத்தின் தொடக்கம். ஆடுகளங்கள் தேய்ந்து களைத்திராத காலம் அது. ஆகவே, அந்தப் போட்டித் தொடருக்கு நாம் அனுப்பக்கூடிய பந்துவீச்சாளர்கள் யார், அவர்களால் எதைச் சாதிக்க இயலும் என்பதை உணர்ச்சிவசப்படாமல் கணக்கிட்டுப் பார்ப்பது ஒரு பழைய ரசிகனின் கடமை எனக் கருதுகிறேன்.

முதலில் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். சுழற்பந்து வீச்சில் எமக்கு வறுமை இல்லை. வனிந்து ஹசரங்க, மஹீஷ் தீக்ஷண, வெல்லாலகே, வண்டர்சே என நால்வரும் நான்கு விதமானவர்கள். 2023 ஜூன், ஜூலை மாதங்களில் சிம்பாப்வேயில் நடைபெற்ற உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளில் ஹசரங்க 22 விக்கெட்டுகளையும் தீக்ஷண 21 விக்கெட்டுகளையும் வீழ்த்தினர். ஆபிரிக்க மண்ணில் இவர்கள் பயனற்றவர்கள் என எவரும் சொல்ல முடியாது. தென்னாபிரிக்காவிலேயே 2018 இல் இந்தியாவின் குல்தீப் யாதவும் யுஸ்வேந்திர சஹாலும் ஆறு போட்டிகள் கொண்ட தொடரில் முறையே 17, 16 விக்கெட்டுகளைக் கைப்பற்றி, தொடரை 5-1 என வெல்லக் காரணமாயினர். மணிக்கட்டைச் சுழற்றிப் பந்து வீசுபவருக்கு அந்த ஆடுகளங்களின் எழுச்சி துணை நிற்கும் என்பதற்கு இது சான்று.

ஆயினும் இந்தச் சான்று ஹசரங்கவுக்கும் வண்டர்சேக்கும் பொருந்துவது போல விரலால் சுழற்றும் வெல்லாலகேக்குப் பொருந்தாது. அவருடைய பந்து கொழும்பில் பிடித்துத் திரும்புகிறது. திரும்பாத ஆடுகளத்தில் அவர் ஓட்டங்களைக் கட்டுப்படுத்துபவராக மட்டுமே இருக்கக்கூடும். எனவே மூன்று சுழற்பந்து வீச்சாளர்களோடு களமிறங்கும் கொழும்பு வழக்கத்தை அங்கே தொடர முடியாது. இருவர் போதும். எஞ்சிய முப்பது ஓவர்களை வீசப் போவது யார் என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு 2003 இல் எம்மிடம் விடை இருந்தது. அதே தென்னாபிரிக்காவில் நடைபெற்ற அந்த உலகக் கிண்ணத்தில் மிகக் கூடுதலான விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஓர் இலங்கையர். அவர் முரளிதரன் அல்லர். சமிந்த வாஸ் 23 விக்கெட்டுகளுடன் பிரெட் லீயையும் கிளென் மெக்ராத்தையும் முந்தி நின்றார். முரளிதரன் 17 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்த ஆண்டு பெப்ரவரி 14 ஆம் திகதி பங்களாதேஷுக்கு எதிராகப் போட்டியின் முதல் மூன்று பந்துகளிலும் மூன்று விக்கெட்டுகளை வாஸ் சாய்த்தார். ஓவர் முடியும் முன்னர் நான்காவதும் விழுந்தது. அன்று பிற்பகல் பத்திரிகை அலுவலகத்தில் தொலைக்காட்சியின் முன் நின்ற எமக்கு, திரையிலுள்ள எண்களில் ஏதோ பிழை இருக்கிறது என்றே முதலில் தோன்றியது. பந்தின் வேகத்தை நம்பி வாஸ் அதைச் சாதிக்கவில்லை. புதிய பந்தை உள்ளே வளைக்கத் தெரிந்திருந்தது. எந்த இடத்தில் விழ வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அந்த அணி அரையிறுதி வரை சென்றது.

வாஸின் இடத்துக்கு மிக அருகில் வரக்கூடியவர் இடது கை வேகப்பந்து வீச்சாளரான மதுஷங்க. 2023 இல் இந்தியாவில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தில் அணி ஒன்பதாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட அவலத்தின் நடுவிலும் ஒன்பது போட்டிகளில் 21 விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார். 2025 ஆகஸ்ட் 29 ஆம் திகதி ஹராரேயில், கடைசி ஓவரில் சிம்பாப்வே வெற்றி பெற 10 ஓட்டங்களே தேவைப்பட்ட வேளையில், முதல் மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டுகளை எடுத்து 7 ஓட்டங்களால் வெற்றி தேடித் தந்தார். நெருக்கடியில் நிலைகுலையாத மனம் அவருக்கு உண்டு. குறை உடலில் இருக்கிறது. 2022 இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தின் முன்பும், 2024 மார்ச்சில் பங்களாதேஷிலும், அதே ஆண்டு ஆகஸ்டிலும் காயங்கள் அவரை வெளியேற்றின.

சமீரவின் கதையும் இதுவே. எம்மவர்களில் மிகவும் வேகமானவர்களில் ஒருவரான அவர், முழு உடல்நலத்துடன் பந்து வீசும் நாள்களில் எந்த அணியிலும் இடம்பெறத் தகுந்தவர். அத்தகைய நாள்கள் குறைவாகவே கிடைத்தன. 1992 இல் பிறந்த அவருக்கு உலகக் கிண்ணத்தின்போது வயது 35 ஆகியிருக்கும். பத்திரணவோ இளைஞர், திறமையில் குறைவில்லாதவர். ஆனால் 2023 உலகக் கிண்ணத்தில் 20 வயதில் தென்னாபிரிக்காவிடம் பத்து ஓவர்களில் 95 ஓட்டங்களையும் அடுத்து பாகிஸ்தானிடம் 90 ஓட்டங்களையும் கொடுத்து, பின்னர் தோள்பட்டைக் காயத்துடன் நாடு திரும்பினார். நான்கு ஓவர்கள் வீசிப் பழகியவரைப் பத்து ஓவர்கள் வீச அனுப்பியதன் விலை அது. பழியை அந்த இளைஞர் மீது சுமத்துவது நியாயமன்று.

அசித்த பெர்னாண்டோவே இன்றைய கணக்கில் நம்பகமானவர் என்பேன். 2024 இல் இங்கிலாந்தில் மூன்று டெஸ்ட் போட்டிகளில் 17 விக்கெட்டுகள். 2025 ஜனவரியில் நியூசிலாந்தில் முதல் இரண்டு ஒருநாள் போட்டிகளிலும் தோற்ற பின்னர், ஆக்லாந்தில் 140 ஓட்டங்களால் வென்ற போட்டியில் புதிய பந்தால் வழி திறந்தவர் அவர். அதே போட்டியில் எஷான் மாலிங்கவும் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். பந்து எழும் ஆடுகளத்தில் எமது வேகப்பந்து வீச்சாளர்கள் எதிரணியைக் கலைக்க வல்லவர்கள் என்பதை அந்த நாள் காட்டியது.

அதைவிடப் பெரிய சான்று 2024 செப்டெம்பரில் லண்டன் ஓவல் மைதானத்தில் கிடைத்தது. அன்று தேர்வாளர்கள் சுழற்பந்து வீச்சாளரான பிரபாத் ஜயசூரியவை ஒதுக்கிவிட்டு நான்கு வேகப்பந்து வீச்சாளர்களைக் களமிறக்கினர். இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 156 ஓட்டங்களுக்குச் சுருண்டது. லஹிரு குமார 21 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளை எடுத்தார். இலங்கை எட்டு விக்கெட்டுகளால் வென்றது. 2019 இல் தென்னாபிரிக்காவிலேயே டெஸ்ட் தொடரை 2-0 என வென்று அந்நாட்டில் தொடர் வென்ற முதலாவது ஆசிய அணி என்ற பெருமையைப் பெற்றபோதும், இரண்டு போட்டிகளில் 12 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் வேகப்பந்து வீச்சாளரான விஷ்வ பெர்னாண்டோ. நம்பிக்கை வைத்தபோதெல்லாம் இவர்கள் கைவிடவில்லை. நாமே பெரும்பாலும் நம்பிக்கை வைப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். சொந்த மண்ணில் வெல்வதற்காகச் சுழலும் ஆடுகளம் அமைப்பதில் என்ன தவறு? எல்லா நாடுகளும் அதைத்தானே செய்கின்றன? அதுவும் தரவரிசை முக்கியமானது. 2027 மார்ச் 31 ஆம் திகதி நிலவரப்படி, போட்டிகளை நடத்தும் தென்னாபிரிக்காவும் சிம்பாப்வேயும் நீங்கலாக முதல் எட்டு இடங்களில் இருக்கும் அணிகளுக்கே நேரடித் தகுதி என்பது சர்வதேச கிரிக்கெட் சபையின் விதி. 2023 இல் தகுதிகாண் போட்டிகளின் வழியாக நுழைந்த அவமானத்தை மீண்டும் விரும்புவார் உண்டா? 2025 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவை 107 ஓட்டங்களுக்குள் சுருட்டி 174 ஓட்டங்களால் வென்றதும் பிரேமதாஸவில்தானே?

இந்த மறுப்பில் நியாயம் உண்டு. நான் சுழற்பந்துக்கு எதிராக வழக்காட வரவில்லை. ஆனால் உலகக் கிண்ணத்துக்குள் நுழைவதற்கான வழியும் அங்கே வெல்வதற்கான வழியும் வேறு வேறானவை. சொந்த மண்ணில் வேகப்பந்து வீச்சாளர் நான்கு அல்லது ஐந்து ஓவர்களை வீசிவிட்டு எல்லைக்கோட்டருகே நிற்பதும், பின்னர் வெளிநாட்டில் திடீரெனப் பத்து ஓவர்கள் வீசுவதும் எந்த உடலும் தாங்கக்கூடியதன்று. ஓய்வின்மையால் மட்டும் காயங்கள் வருவதில்லை, பழக்கமின்மையாலும் வருகின்றன. உள்ளூர்க் கழகப் போட்டிகளிலும் வறண்ட ஆடுகளங்களே வாய்க்கின்ற ஒருவருக்கு நீண்ட நேரம் பந்து வீசும் உறுதி எங்கிருந்து வரும்?

மேலும், விளையாட்டின் விதியும் மாறிவிட்டது. 2025 ஜூலை முதல் ஒருநாள் போட்டிகளில் 34 ஓவர்கள் வரை இரண்டு பந்துகள் பயன்படுத்தப்பட்டு, அதன் பின்னர் அவற்றில் ஒன்றே இறுதி வரை தொடரும் முறை நடைமுறைக்கு வந்தது. முன்பு ஐம்பதாவது ஓவரில் 25 ஓவர்கள் பழையதாக இருந்த பந்து, இனி 33 ஓவர்கள் வரை தேயும். தேய்ந்த பந்தை எதிர்த் திசையில் வளைத்துக் காலடியில் இறக்கத் தெரிந்தவருக்கு இது வாய்ப்பு. 2007 இல் தென்னாபிரிக்காவுக்கு எதிராக நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்திய லசித் மாலிங்கவைத் தந்த நாடு, அந்தக் கலையில் பிறரிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. அந்தக் கலையில் வல்லவர்களான மதுஷங்கவும் பத்திரணவும் நலமுடன் இருக்க வேண்டும், அவ்வளவே.

ஆகவே நான் சொல்வது மூன்று. முதலாவது, உள்நாட்டில் ஆடும் ஒவ்வோர் ஒருநாள் தொடரிலும் குறைந்தது ஒரு போட்டியையேனும் பல்லேகலை போன்ற மைதானத்தில், புல் விட்ட ஆடுகளத்தில் ஆட வேண்டும். அதில் தோற்றாலும் பரவாயில்லை. இரண்டாவது, மூவரை மட்டும் நம்பாமல் ஆறு வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு குழுவாகக் கருதி, யார் எந்தத் தொடரில் ஆடுவது, யார் ஓய்வெடுப்பது என்பதை முன்கூட்டியே வகுக்க வேண்டும். சமீரவை எல்லா வகைப் போட்டிகளிலும் ஓட வைப்பது அறிவுடைமையன்று. மூன்றாவது, வெளிநாட்டு லீக் போட்டிகளில் நான்கு ஓவர்கள் வீசித் திரும்புவோரை நேரடியாக ஐம்பது ஓவர் அணியில் சேர்க்காமல், நீண்ட நேரம் பந்து வீசப் பழக்கிய பின்னரே சேர்க்க வேண்டும்.

இவற்றைச் செய்தால், அசித்த, மதுஷங்க, சமீர அல்லது எஷான், ஹசரங்க, தீக்ஷண என்ற ஐவர் எந்த அணியையும் அச்சுறுத்தக்கூடியவர்கள் என்பது என் மதிப்பீடு. செய்யாவிட்டால், டெல்லியில் 2023 இல் தென்னாபிரிக்கா எமக்கு எதிராகக் குவித்த 428 ஓட்டங்களை அவர்களின் சொந்த மண்ணில் மீண்டும் காண நேரிடலாம். அந்த நாளில் பந்துவீச்சாளர்களைத் திட்டித் தீர்ப்பது இலகு. ஆனால் அவர்கள் தோற்பது அன்றைய மைதானத்தில் மட்டுமன்று. அவர்களின் துணையின்றியே நாம் வெல்லப் பழகிய கொழும்பு மாலைப் பொழுதுகளிலேயே அந்தத் தோல்வி தொடங்கிவிட்டது என்பதை அப்போது எவரும் நினைவுகூரப் போவதில்லை.